ஹெல்மெட் அப்பா

சார், ஒரு சின்ன உதவி. அந்த ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுத் தர முடியுமா? இப்பவே வேண்டாம், ஏழரை மணிக்கு. பத்து நிமிஷம் போதும், அப்புறம் நீங்களே உட்கார்ந்துக்கலாம். காத்துக்காகக் கேட்கலை. வாந்தியெல்லாம் வராது எனக்கு, பயப்படாதீங்க.

இந்த ஹெல்மெட்டைத்தானே பார்க்குறீங்க? எல்லாரும் இதைத்தான் பார்க்குறாங்க. கண்டக்டர் எனக்கு வச்சிருக்கிற பேரே அதுதான். 'ஹெல்மெட்டு ஏறிருச்சா? போலாம், ரைட்!' இது வண்டிக்குப் போடுற ஹெல்மெட் இல்லை சார். கட்டடம் கட்டுற இடத்துல போடுறது. கத்தார்ல பதினேழு வருஷம் இருந்தேன், சேஃப்டி சூப்பர்வைசர். பேரு அடைக்கலம். இப்ப ஊரோட வந்துட்டேன். அறந்தாங்கியிலதான் வீடு.

எங்க போறேன்னு கேட்டீங்கன்னா என்ன சொல்றது? எங்கேயும் போகலை. என் பையன் ரெண்டுக்குப் போகணும். அதுக்காக நான் பஸ்ல போறேன்.

சிரிங்க, பரவாயில்லை. சிரிக்கிற விஷயம்தான். அடுத்தவன் வீட்டுல நடந்தா நானும் சிரிப்பேன். எங்க வீட்டுல என் மச்சினன் சிரிக்கிறான், பக்கத்து வீட்டுக்காரங்க சிரிக்கிறாங்க, எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகு என் பொண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிக்கிறா. அவ சிரிப்பைத்தான் என்னால தாங்க முடியலை.

பையன் பேரு தர்ஷித். அந்தப் பேரை வச்சது அவளும் அவ தம்பியும். நான் போன்ல 'சரி'ன்னேன். போன்ல 'சரி'ன்னு சொல்றதைத் தவிர வேற என்ன சொல்ல முடியும்? கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்தவன் சார். எட்டு மாசக் குழந்தையா இருந்தப்ப லீவுல வந்து ஒரு மாசம் தூக்கி வச்சிருந்தேன். அதோட சரி. மத்ததெல்லாம் போன்ல பார்த்ததுதான். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல்லு வந்தது, எல்லாமே. இங்க காலையில ஏழரைன்னா எனக்கு அங்க அஞ்சு மணி. கம்பெனி பஸ்ல சைட்டுக்குப் போய்க்கிட்டு இருப்பேன். தலையில ஹெல்மெட் இருக்கும், ஜன்னலுக்கு வெளியில வெறும் மணல் ஓடும். அப்பத்தான் வீடியோ கால் போடுவா. ரெண்டு வருஷத்துக்கு மேல, ஒரு நாள் விடாம. அதை யாரும் இப்ப பேசறதில்லை.

இப்ப என்ன பேசறாங்கன்னா, நான் வந்ததுலேர்ந்துதான் பிள்ளை கெட்டுப்போச்சாம்.

மாசி மாசம் வந்து இறங்கினேன். ஏர்போர்ட்டுக்கு அவளும் பையனும் மச்சினன் கார்மேகமும் வந்திருந்தாங்க. 'இங்க பாருடா, யாரு பாரு, அப்பா!'ன்னா சுகுணா, என் வீட்டம்மா. அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் அவ கையில இருந்த போனைப் பார்த்தான். அப்புறம் அவ சேலைக்குள்ள போயிட்டான். வெட்கம்னு நினைச்சேன். நானும் சின்னப் பிள்ளையில அப்படித்தானாம்.

ஜூன்ல ப்ளே ஸ்கூல்ல சேர்க்கணும். அந்த மேடம் மொதல்லேயே சொல்லிட்டாங்க, டயபர் போட்டு அனுப்பாதீங்க, வந்தா சொல்லணும், உட்காரத் தெரியணும். நியாயம்தானே? சுகுணா என்ன சொல்றா தெரியுமா? 'அதெல்லாம் தானா வந்துரும்.' தானா வருமா சார்? பதினேழு வருஷத்துல தானா வந்த எதையும் நான் பார்த்ததில்லை. தானா வர்றது ஆக்சிடெண்ட் ஒண்ணுதான்.

அவ முறை என்னன்னா, சுவத்துல சாய்ஞ்சு காலை நீட்டி உட்கார்ந்துக்குவா. ரெண்டு காலையும் கொஞ்சம் விலக்கி, நடுவுல பிள்ளையை உட்கார வச்சுக்குவா. கீழே ஒரு பழைய பேப்பர். 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் குடுப்பா. அவன் அவ முட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் போவான். நம்ம வீடுகள்ல அப்படித்தான், தெரியும். கைக்குழந்தைக்குச் சரி. மூணு வயசு ஆகப்போற பயலுக்கா? 'நாளைக்கு ஸ்கூல்ல மிஸ் வந்து காலை நீட்டிக்கிட்டு உட்காருவாங்களா?'ன்னு கேட்டேன். கேட்டது தப்பா? அதுக்கு அவ, 'நீங்க அங்க இருந்தப்ப ஒழுங்காத்தான் போய்க்கிட்டு இருந்தான்'ங்கிறா. பதிலா இது?

நேரத்துக்குப் போறதுங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு ஊருலயே இருக்கிறவங்களுக்குத் தெரியாது சார். அங்க நாங்க தங்கியிருந்த கேம்ப்ல ஒரு பாத்ரூமுக்கு வெளியில வரிசை நிக்கும், கையில பக்கெட்டோட. உள்ள போனவன் தாழ்ப்பாள் போட்ட உடனே கதவைத் தட்ட ஆரம்பிச்சுருவாங்க. 'பாய், ஜல்தி! ஜல்தி!' போன புதுசுல எனக்கு வரவே வராது. உள்ள போய் உட்கார்ந்து அழுதுட்டு வருவேன். வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. யார்கிட்டச் சொல்றது? அப்புறம் பழகிட்டேன். தட்டினாலும் சரி, உதைச்சாலும் சரி, என் முறை வந்தா எனக்கு வரும். பழக்கம்தானே எல்லாம். அந்தப் பழக்கத்தை என் பிள்ளைக்கு நான் கஷ்டமில்லாமக் குடுக்கணும்னு ஆசைப்பட்டேன். இதுதான் நான் செஞ்ச குத்தம்.

வரும்போதே வாங்கிட்டு வந்தேன் சார், பாட்டி சீட்டு, சின்னப் பிள்ளைங்க உட்கார்ந்து ரெண்டுக்குப் போறது. மஞ்சள் வாத்து மாதிரி இருக்கும். நல்ல கெட்டியான பிளாஸ்டிக், கைப்பிடி வச்சது. ஈரம் பட்டா அதுவே பாட்டுப் பாடும். பெட்டியில மத்த சாமானெல்லாம் குறைச்சுட்டு அதை வச்சேன். கயிறு கட்டி, பெட்டி மேல என் பேரைப் பட்டையா எழுதி. ஏர்போர்ட்ல எல்லாரும் தங்கத்தை மறைச்சுக் கொண்டு வர்றான், நான் வாத்தைத் தூக்கிட்டு வர்றேன்.

முதல் நாள் உட்கார வச்சேன். தோளைப் பிடிச்சுக்கிட்டேன், விழுந்துறக் கூடாதுன்னு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். ரெண்டு சொட்டு விட்டிருப்பான், வாத்து பாட ஆரம்பிச்சுருச்சு. சத்தம் கொஞ்சம் கூடத்தான். குவாக் குவாக்னு நடுவுல வேற. பய துள்ளி விழுந்து, பூனை மாதிரி அவ கழுத்துல ஏறிட்டான். அப்புறம் அந்த வாத்தைக் கண்டாலே அலறல். கார்மேகம் கேட்கிறான், 'மச்சான், பிள்ளைக்குக் கக்கா வரவைக்கிறீங்களா, கரண்ட் வரவைக்கிறீங்களா?'ன்னு. அவனுக்கு எல்லாம் விளையாட்டு. என் பிள்ளை அவன் லுங்கியில மூத்திரம் பேஞ்சா சிரிப்பான். வேலை வெட்டிக்குப் போனாத்தானே லுங்கி அழுக்காறது தெரியும்.

நான் அப்படி விட்டுர்ற ஆள் இல்லை. தினம் ஏழரைக்கு உட்கார வச்சேன். பேட்டரியைக்கூடக் கழட்டிட்டேன், அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்தேன். 'உட்காரு. அசையாதே. நான் விசில் ஊதினாத்தான் எழும்பணும்.' சைட்டுல அந்த விசிலுக்கு அத்தனை பேர் நிப்பாங்க சார், கிரேன் நிக்கும். இவன் எழும்பி ஓடுறான். பிடிச்சுட்டு வந்து உட்கார வைப்பேன், ஓடுவான், பிடிச்சுட்டு வருவேன். அடிக்கலை. அடிக்கவே இல்லை. தொடையில ஒண்ணு. சரி, ரெண்டு. அதுக்குப் பேர் அடியா? நான் வாங்கினதுல அது தூசி.

ஒரு நாள் பாத்ரூமுக்குள்ள வச்சு கதவைச் சாத்தினேன். உடனே ஊரெல்லாம், பிள்ளையைப் பூட்டி வச்சுட்டான்னு பேச்சு. பூட்டலை சார். சும்மா தாழ்ப்பாள். அதுவும், நானும் உள்ளதானே இருந்தேன்? சுகுணா வெளியில நின்னு கதவைப் போட்டுத் தட்டுறா தட்டுறா. அந்தத் தட்டுற சத்தம் மட்டும் எனக்கு ஆகாது, ஏன்னு தெரியலை. கத்திட்டேன். யாரைப் பார்த்துக் கத்தினேன்னு ஞாபகம் இல்லை. அவளைத்தான்னு நினைக்கிறேன். உள்ள இருந்தது அவன்தான்.

அன்னியிலேர்ந்து நிறுத்திட்டான். சுத்தமா நிறுத்திட்டான். வாத்துலயும் போக மாட்டேங்கிறான், அவ கால்லயும் போக மாட்டேங்கிறான், டயபர்லயும் இல்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில போய் நின்னுக்கிட்டு, ரெண்டு காலையும் பின்னிக்கிட்டு, மூஞ்செல்லாம் சிவந்து அடக்குவான். அந்த வைராக்கியம் எங்கேர்ந்து வந்துச்சு? அவங்க குடும்பத்துல எல்லாருக்கும் அது உண்டு.

வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டு ஓடினோம். அந்தம்மா வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு, 'பயத்துல அடக்குறான்'ன்னாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க சார். 'வீட்டுக்குப் புதுசா யாராவது வந்திருக்காங்களா?'

சுகுணா என்னைப் பார்த்தா. கார்மேகம் என்னைப் பார்த்தான். மருந்து எடுத்துக் குடுக்கிற பொண்ணு, அதுக்கு ஒண்ணும் தெரியாது, அதுவும் என்னைப் பார்க்குது. 'புதுசா யாராவதா? நான் அவன் அப்பன்மா'ன்னேன். அந்தம்மா 'சரி சரி'ன்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

ஆசனவாயில மருந்து வைக்கிறப்ப சுகுணா, 'வலிக்காதுடா, எறும்பு கடிக்கிற மாதிரி'ங்கிறா. நான் விடலை. 'வலிக்கும். பொறுத்துக்க'ன்னேன். பிள்ளைகிட்ட பொய் சொல்லக் கூடாது சார். அது என் கொள்கை. ஒரு தடவை பொய் சொன்னா அப்புறம் நம்பவே மாட்டான். அவனுக்கு வலிச்சுது. நான் சொன்னதுதான் உண்மை. ஆனா அவன் யாரைக் கட்டிக்கிட்டான்? பொய் சொன்னவளை.

சிரப்பு குடுத்து, வாழைப்பழம் குடுத்து, ஒண்ணும் நடக்கலை. அப்பத்தான் இந்த ஹெல்மெட் கதை. எங்க கம்பெனிக்கு இங்கேர்ந்து ஒரு பையன் வேலைக்குப் போறான், புதுக்கோட்டைக்காரன். சும்மா கிடக்குதேன்னு ஹெல்மெட்டை அவனுக்குக் குடுக்கலாம்னு கிளம்பினேன். இதே புதுக்கோட்டை பஸ். நல்ல கூட்டம், ஒரு கையில பை, ஒரு கையால கம்பியைப் பிடிக்கணும், வேற வழியில்லாம ஹெல்மெட்டைத் தலையில மாட்டிக்கிட்டேன். போன் வருது. வீடியோ. அவ அழறா. 'வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் துடிக்கிறான், எனக்குப் பயமா இருக்கு, எங்கதான் போய்த் தொலைஞ்சீங்க?'ங்கிறா. போன் ஆடுது, அவன் முகம் தெரியுது. என்னைப் பார்த்தான்.

அழுகை நின்னுருச்சு சார். 'அப்பா'ன்னான்.

நான் ஊருக்கு வந்த பிறகு அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. 'அவரு'ன்னுதான் சொல்வான், அதுவும் அவகிட்ட. இப்ப, 'அப்பா, பஸ்ல போறியா?'ங்கிறான். ஆமாடான்னேன். பழைய ஞாபகத்துல நானும் 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் குடுத்தேன். தினம் அங்கேர்ந்து குடுக்கிறதுதானே. ரெண்டு வருஷமும் அவ கால்ல உட்கார்ந்துக்கிட்டு, போன்ல என்னைப் பார்த்துக்கிட்டேதான் அவன் போயிருக்கான். அது எங்க யாருக்குமே உறைக்கலை. அன்னிக்கும் போயிட்டான். அவ சந்தோஷத்துல, 'போயிட்டான்! போயிட்டான்!'னு போன்ல கத்துறா. பின் சீட்டுல ஒரு அம்மா நெஞ்சுல கை வச்சுக்கிட்டு, 'யாருப்பா போயிட்டது? வயசாளியா?'ங்குது.

ஹெல்மெட்டைக் குடுக்கலை. திரும்பக் கொண்டு வந்துட்டேன்.

நீங்க கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்றேன், எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. கொல்லையில நின்னு வீடியோ கால் போட்டேன், ஹெல்மெட்டோட. என் குரல் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டுருச்சு, காலைப் பின்னிக்கிட்டான். டீக்கடையிலேர்ந்து போட்டேன், 'பஸ் எங்க?'ன்னு கேட்கிறான். பஸ் வேணும். ஜன்னல் வேணும், ஜன்னல்ல ஏதாவது ஓடணும். மணலுக்குப் பதிலா கருவேல மரம் ஓடுது, அதை அவன் கண்டுக்கலை.

ஹெல்மெட்டோடயே வீட்டுக்குள்ள போயிருக்கலாமேன்னு தோணுதுல்ல? கார்மேகமும் அதைத்தான் சொன்னான். போனேன். வாசல்லேர்ந்தே சிரிச்சுக்கிட்டுப் போனேன். அவன் என்னைப் பார்த்தான், ஹெல்மெட்டைப் பார்த்தான். பிறகு ஒரு அழுகை பாருங்க. 'அப்பா தொப்பியைக் குடு! அப்பா தொப்பியைக் குடு!'ன்னு. என் தொப்பியை நான் திருடிட்டேனாம் சார். அவ வந்து, 'கழட்டிக் குடுங்களேன், பிள்ளை அழறான்'ங்கிறா. கழட்டிக் குடுத்தேன். அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினான்.

அவனுக்குத் தெரியும் சார். எல்லாம் தெரியும், நடிக்கிறான். ஒரே மூஞ்சி, ஒரே குரல், எப்படித் தெரியாமப் போகும்? அவ சொல்லிக் குடுக்கிறா. என் பழைய மேனேஜர் மெசேஜ் போட்டிருக்காரு, திரும்ப வர்றியா, இடம் இருக்குன்னு. அவகிட்டக் காட்டினேன். அவ வேண்டாம்னு சொல்லுவான்னு பார்த்தேன். 'உங்க இஷ்டம்'னுட்டு அரிசி களைய ஆரம்பிச்சுட்டா. நான் ஏன் போகணும்? என் வீடு அது. ஒவ்வொரு கல்லும் நான் அனுப்பினதுல வச்சது. பதில் போடலை. ஸ்கூல் திறந்து, பிள்ளை பழகி, எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வர்ற வரைக்கும் தினம் இப்படிப் போறேன். ஆர்ச் ஸ்டாப்புல இறங்கி எதிர் பஸ்ல திரும்பிருவேன். அவ்வளவுதான். இதுல என்ன கௌரவக் குறைச்சல்?

மணியாச்சு. கொஞ்சம் மாறிக்கலாமா சார்? நன்றி. இந்தத் தாடைப் பட்டையை மாட்டிக்கிறேன். தலைக்குப் பின்னாடி ஜன்னல் தெரியுதா? உங்க தோள் தெரியக் கூடாது, கொஞ்சம்... ஆங், போதும்.

'யாரு இது? யாரு இது? என் சிங்கக்குட்டியா! ஆமா தங்கம், பஸ்லதான் இருக்கேன். இந்தா பாரு, மரம் ஓடுது பாரு. அம்மா கால்ல உட்கார்ந்துட்டியா? கெட்டிக்காரன். அவசரமே இல்லைடா. மெதுவா. வந்தா வரட்டும், வரலைன்னா நாளைக்கு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஸ்ஸ்ஸ்ஸ்... என்னடா?

'யாரு? அவரா? அடிச்சாரா? எங்க, காட்டு. அச்சச்சோ. இன்னும் வலிக்குதா? சரி, சரி, நான் சொல்றேன் அவர்ட்ட. கண்டிப்பாச் சொல்றேன். விசிலா? விசிலைப் பிடுங்கித் தூக்கி எறிஞ்சுருவோம். ஆமா, வாத்தையும்தான். நீ முக்காதே, தானா வரும். தானா வந்துரும்டா தங்கம். ஸ்ஸ்ஸ்... வந்துருச்சா? வந்துருச்சா! அடி சக்கை!

'என்னது? சத்தமாச் சொல்லு, பஸ்ல கேட்கலை. இன்னிக்கா? இல்லை தங்கம். வர மாட்டாரு. ஆமா. இனிமேலும் வர மாட்டாரு. சத்தியமா. அழாதே. சத்தியமாத்தான் சொல்றேன். நானா? நான் நாளைக்கு இதே மாதிரி பஸ்ல வருவேன். முத்தம் குடு. போன்ல எச்சி பண்ணாதே, அம்மா திட்டுவா. சரி, வச்சுரட்டுமா?'

கேட்டீங்கள்ல சார்? 'அவரு வருவாரா'ங்கிறான். மூணு வயசு ஆகலை, இந்தப் பேச்செல்லாம் தானா வருமா? எப்படிப் பழக்கி வச்சிருக்கா பாருங்க.

என்ன சார், அப்படிப் பார்க்குறீங்க? நான் சொன்னதா? வர மாட்டாருன்னா? வேற என்ன சொல்றது அந்த நேரத்துல? பாதியில அடக்கிக்கிட்டான்னா மறுபடியும் டாக்டரம்மா, மறுபடியும் மருந்து. அடிச்ச இடத்தைக் காட்டுறான் சார், கேமராவுக்கு நேராக் காலைத் தூக்கி. தழும்பு ஒண்ணும் இல்லை. நல்லாப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை.

சத்தியமான்னு கேட்டான்.

கண்டக்டர் குரல் கொடுக்கிறாரு. தெரியுது, ஆர்ச் ஸ்டாப்தான். எதிர் பஸ்கூட நிக்குது. 'என்ன ஹெல்மெட்டு, இறங்கலையா?'ன்னு கேட்கிறாரு பாருங்க. அவருக்கு என்ன, விசிலை ஊதிட்டுப் போயிருவாரு.

இல்லைண்ணே, வீட்டுக்குத் திரும்பலை. புதுக்கோட்டைக்கு ஒண்ணு போடுங்க.

நீங்க ஜன்னல் பக்கம் வந்துக்கங்க சார். எனக்கு இனிமே வேண்டாம்.